பயிற்றுநர் ஒழுக்கமும் பிள்ளைகள் காவலும்

(ஆண்டு விழாவை ஒட்டிக் கிளிநொச்சியில் நடைபெற்ற உதைபந்தாட்டப் பயிற்றுநர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் மன்றத்து விழாவிலே பேச வருவோர் சமயம், மொழி, கல்வி, தொண்டு என்னும் நான்கினுள் ஒன்றைத் தெரிந்துகொள்வதே வழக்கம். உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்த செயற்குழுவினர் வழக்கத்தை மீறிவிட்டனரோ எனச் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து மீண்டு கொழும்பிலே கரையிறங்கி, யாழ்ப்பாணத்தைக் கண்டு, பின்னர் தமிழகம் சென்றார். சென்னையிலே இளைஞர்முன் பேசுகையில், கீதையின் பொருள் நன்கு விளங்குவதற்கு முதலில் உடலிலே உரம் வேண்டும் என வற்புறுத்தி, அதற்குப் பந்தாட்டத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆதலின், கோயில் வீதியிலே தேவாரம் ஓதுவிக்கும் மன்றம், அடுத்த வெளியிலே பந்தையும் உருட்டுவிப்பது ஒன்றுக்கொன்று முரணான செயலன்று.

பந்தை எவ்வாறு உதைப்பது என்பதை இங்குள்ள பயிற்றுநர் நம்மிலும் நன்கு அறிவர். உதைக்கக் கற்பிப்பவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளிடத்தில் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகக் குறைவு. பேசினால் நல்ல மனிதர் மனம் நோவாரே என்னும் தயக்கமே அதற்குக் காரணம். அத்தயக்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

ஆசிரியர் இலக்கணம் முன்னே

பவணந்தி முனிவர் நன்னூலுக்குப் பாயிரம் வகுத்தபோது ஆசிரியனது இலக்கணத்தை முன்னே சொல்லி, மாணாக்கனது இலக்கணத்தைப் பின்னே வைத்தார். நல்லாசிரியர் யாவர் என்று கூறியதோடு அமையாது, ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்பதையும் தனியே எடுத்துரைத்தார். திருவள்ளுவரும் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தை அரசியலிலே, ஆளுவோனை நோக்கியே அமைத்தார். எவன் கையில் வலிமை உண்டோ அவனிடமே ஒழுக்கத்தை முதலிற் கேட்பது நம் முன்னோர் கண்ட முறை.

நாமோ இன்று அம்முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். 'நன்னடத்தை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் பத்திரத்திலே அவனுடைய நடத்தை எழுதப்படுகின்றது. வழிதவறிய பிள்ளையையும் காப்பாரற்ற பிள்ளையையும் பொறுப்பேற்கும் திணைக்களத்துக்கும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் என்றே பெயர். பிள்ளையின் நடத்தையை அளக்க இத்தனை ஏற்பாடு உண்டு. முப்பது பிள்ளைகளைத் தம் விசில் ஒலிக்கு ஓடவும் நிற்கவும் வைக்கும் பயிற்றுநருடைய நடத்தையை அளக்க நம்மிடம் என்ன ஏற்பாடு உண்டு? 'அவர் நல்ல மனிதர், எல்லோரும் அறிவர்' என்னும் ஒரு வாக்கியமே உண்டு.

அவ்வாக்கியம் போதாது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. நல்லவரும் ஏற்று நடக்கக்கூடிய, எல்லோர் கண்ணுக்கும் தெரியக்கூடிய ஒழுங்குகள் வேண்டும். அவ்வொழுங்கு பிள்ளையையும் காக்கும். நல்ல பயிற்றுநரையும் காக்கும்.

இம்மண்ணிலே பயிற்றுநர் யார்?

கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்னும் நான்கு பிரதேசங்களும் அடங்கிய இம்மாவட்டத்திலே பயிற்றுநருக்கு உள்ள இடம் வேறெங்கும் உள்ளதைப் போன்றதன்று. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இந்நகரம் ஆளற்ற வெளியாய்க் கிடந்தது. மீண்டு வந்தோர் கூரையற்ற வீடுகளையும் பற்றை மூடிய மைதானங்களையுமே கண்டனர். இன்று பந்துடன் ஓடும் 12 வயதுச் சிறுவன் அதன்பின் பிறந்தவன். ஆனால் அவனைப் பெற்றவர்கள் அந்நாளில் தாமே சிறுவராயும் வாலிபராயும் இருந்தவர்கள். விளையாட வேண்டிய வயதில் பதுங்குகுழியிலே இருந்தவர்கள். தமக்குக் கிட்டாதது பிள்ளைக்குக் கிட்டட்டும் என்று அவனை மைதானத்துக்கு அனுப்புகின்றார்கள். தந்தை கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்ய, தாய் தொழிற்சாலை வேலை முடிந்து இருட்டிய பின்னர் வீடு திரும்ப, அம்மம்மாவின் காவலில் வளரும் பிள்ளைகள் நம்மிடையே பலர்.

இத்தகைய பிள்ளைக்கு மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை தந்தையின் இடத்தில் நிற்பவர் பயிற்றுநரே. பிய்ந்த சப்பாத்தைத் தைப்பித்துக் கொடுப்பவர் அவர். பாடசாலைக்குப் போகாத நாளில் ஏன் என்று கேட்பவர் அவர். போதைப்பொருள் வியாபாரி ஒழுங்கையின் மூலையில் நிற்கும் காலத்தில், பிள்ளையை அந்த மூலைக்குப் போகாது தடுத்து வைத்திருப்பதும் பெரும்பாலும் அவருடைய பந்துதான். இத்தொண்டுக்குச் சம்பளமில்லை. பல பயிற்றுநர் தம் மோட்டார் சைக்கிளுக்குத் தாமே எண்ணெய் அடித்து வந்து இதைச் செய்கின்றார்கள். இவர்களை நாம் வணங்குகின்றோம்.

ஆயினும் இதே இடத்திலேதான் ஆபத்தும் உண்டு. 'சேர் சொன்னால் சரி' என்று பிள்ளை நம்புகின்றான். 'அவர் இல்லாவிட்டால் என் பிள்ளைக்கு யார்?' என்று தாய் நன்றியோடு நினைக்கின்றாள். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாமும் சொல்லிக்கொடுத்திருக்கின்றோம். அந்த நம்பிக்கையும் நன்றியும் பக்தியும் சேர்ந்து, ஏதேனும் தவறு நேரும்போது பிள்ளையின் வாயையும் தாயின் வாயையும் அடைத்துவிடக்கூடும். செய்ந்நன்றி மறவாமை பெரிய அறம். ஆனால் குற்றத்தை மூடிவைக்கும் கடன் யாருடைய நன்றிக்கும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்து கற்ற பாடம்

உதைபந்தாட்டத்தை உலகுக்குக் கொடுத்த நாடு இங்கிலாந்து. செல்வமும் சட்டமும் பத்திரிகைகளும் நிறைந்த அந்நாட்டிலே நடந்ததைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அன்டி வூட்வார்ட் என்னும் முன்னாள் ஆட்டக்காரர், தாம் சிறுவனாயிருந்தபோது குரூ அலெக்ஸாண்ட்ரா என்னும் கழகத்துடன் தொடர்புடைய பயிற்றுநர் பரி பெனல் என்பவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பத்திரிகை ஒன்றிலே தம் பெயருடன் வெளியிட்டார். ஒருவர் வாய் திறந்ததும், பல்லாண்டுகள் தம் துயரை விழுங்கியிருந்த மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராய் முன்வந்தனர்.

அந்தப் பயிற்றுநர் இருளிலே பதுங்கி வந்த அந்நியரல்லர். திறமையுள்ள சிறுவரைக் கண்டுபிடிப்பதில் வல்லவர் எனப் புகழ்பெற்றவர். பெற்றோர் தம் பிள்ளைகள் அவர் கண்ணிற் படமாட்டாரோ என ஏங்கினர். அவருடைய வீட்டிலே விளையாட்டு இயந்திரங்களும் விசித்திரமான விலங்குகளும் இருந்தன. சிறுவர் அங்கே இரவு தங்குவது பெரும் பேறாகக் கருதப்பட்டது. பரிசும், தனிக் கவனமும், 'உன்னைப் பெரிய ஆட்டக்காரனாக்குவேன்' என்னும் வாக்குறுதியுமே அவர் விரித்த வலை. 2018ஆம் ஆண்டு 12 சிறுவர் சம்பந்தமான 50 குற்றங்களுக்காக அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் சிறையிலேயே இறந்தார்.

இதன்பேரில் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த விசாரணையின் அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. கிளைவ் ஷெல்டன் என்னும் சட்டவல்லுநர் 1970 முதல் 2005 வரையான காலத்தை ஆராய்ந்து எழுதியது அது. பொலிசார் திரட்டிய கணக்கின்படி குறைந்தது 240 சந்தேகநபர்களும் 692 பாதிக்கப்பட்டவர்களும் இருந்தனர் என அவ்வறிக்கை காட்டுகின்றது. 1995ஆம் ஆண்டளவில் ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்த பின்னரும், தகுந்த ஏற்பாடுகளைச் செய்யச் சங்கம் 2000ஆம் ஆண்டுவரை தாமதித்தது என்று அது குற்றங்கூறியது.

இதிலே நாம் கற்க வேண்டியது யாது? குற்றம் செய்தவர்கள் தொகையில் மிகச் சிலரே. பேரளவினராகிய நல்லவர்கள் தம்மைப் போலவே பிறரையும் எண்ணி, கேள்வி கேட்பதை அநாகரிகமெனக் கருதினர். கழகத்தின் பெயர் கெட்டுவிடும் என அஞ்சினர். அந்த அச்சமும் நயமும் சேர்ந்தே சிலருடைய குற்றத்துக்குப் பல்லாண்டு நிழல் கொடுத்தன. அப்பாடத்தைக் கற்ற பின்னரே, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா 2019ஆம் ஆண்டு தன் 211 உறுப்புச் சங்கங்களுக்கும் சிறுவர் காவல் வழிகாட்டி ஒன்றை வகுத்து அளித்தது. பிள்ளையின் நலனே முதன்மையானது, காவல் எல்லோருடைய பொறுப்பு, ஐயம் எழுந்தால் உடனே அறிவிக்கவேண்டும் என்பன அதன் அடிப்படைகள்.

அறிவித்தற் பலகை

'அது வெள்ளைக்காரர் ஊர். நமது கிராமம் அப்படிப்பட்டதன்று. இவ்விதிகளெல்லாம் நல்ல மனிதரைச் சந்தேகிப்பன அல்லவா?' என்று கேட்போர் உளர். அவர்களுக்கு இம்மண்ணிலிருந்தே விடை சொல்வோம்.

மீள்குடியேற்றத்தின் பின் முகமாலைப் பக்கத்திலும் பிற இடங்களிலும் செந்நிறப் பலகைகள் நாட்டப்பட்டதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். மண்டையோட்டுச் சின்னமும் 'மிதிவெடி' என்னும் சொல்லும் தாங்கி அவை நின்றன. அப்பலகையைக் கண்டு, 'என் பரம்பரைக் காணியை அவமதித்துவிட்டார்கள்' என்று எவரும் கோபித்ததில்லை. அக்காணியின் ஒவ்வோர் அடியிலும் வெடி இருக்கின்றது என்று அப்பலகை சொல்லவுமில்லை. எந்த அடியில் இருக்கின்றது என்று கண்ணால் அறிய முடியாது, ஆகவே எல்லோரும் குறித்த பாதையால் நடவுங்கள் என்றே அது சொன்னது. காணிக்காரரும் அப்பாதையாலேயே நடந்தார்.

பயிற்றுநருக்கான விதிகளும் அவ்விதமே. யாரையும் குற்றவாளி என்று அவை கூறவில்லை. மனிதர் உள்ளத்தைக் கண்ணால் அறிய முடியாது. ஆதலின் எல்லோரும் ஒரே பாதையால் நடப்போம் என்கின்றன. பாதையால் நடப்பதில் நல்லவருக்கு நட்டம் யாதுமில்லை. விதியை விரும்பாது விலக்குக் கேட்பவர் ஒருவர் இருப்பாராயின், அவரைக் குறித்து மன்றம் சற்றுக் கவனமாயிருக்க வேண்டும்.

வெளிச்சத்தில் நடத்தல்

முதலாவது ஒழுங்கு, வெளிச்சம். பயிற்றுநர் எவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில், தனி வீட்டில், பிறர் காணாத இடத்தில் தனித்திருத்தல் ஆகாது. தனியே அறிவுரை கூற வேண்டுமாயின் மைதானத்தின் ஓரத்திலே, மற்றவர் கண்ணுக்குத் தெரிய, காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று கூறலாம். பயிற்சி வேளையில் குறைந்தது இரண்டு வளர்ந்தவர்கள் இருக்க வேண்டும். இரண்டாமவர் பந்தை அறிந்தவராயிருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் தாயாகவோ, இளைப்பாறிய ஆசிரியராகவோ இருந்தாற் போதும். பெண்பிள்ளைகள் அணியானால் பெண் ஒருவர் கட்டாயம் இருத்தல் வேண்டும். பெண்பிள்ளையின் உடைபற்றியும் உடல்பற்றியும் பகிடி பேசுவது பயிற்சியாகாது. மாதவிலக்கு நாளில் ஓய்வு கேட்கும் பிள்ளைக்குக் காரணம் கேளாது ஓய்வு கொடுக்க வேண்டும்.

உடைமாற்றும் இடத்துள் பயிற்றுநர் புகலாகாது. அங்கே கைத்தொலைபேசியை எடுத்தலும் ஆகாது. தசைப்பிடிப்பு நேர்ந்தால் கையால் நீவிவிடுவது எல்லோர் முன்னிலையிலும், பிள்ளையின் சம்மதத்துடனும் நடக்கட்டும். மோட்டார் சைக்கிளிலே ஒரு பிள்ளையைத் தனியே ஏற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடம் மிகுதி. அன்பினால் செய்வதுதான், எனினும் பெற்றோருக்கு அறிவியாமல் செய்யலாகாது. வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும்போது பயிற்றுநர் பிள்ளைகளுடன் ஒரே அறையில் படுத்தல் தகாது.

கைத்தொலைபேசி இக்காலத்தின் புதிய ஒழுங்கை. இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தனியே வரும் செய்தியைத் தாய் அறியாள். ஆகவே பயிற்சி நேரம், போட்டி விபரம் ஆகியவை பெற்றோரும் உள்ள வட்ஸ்அப் குழுவிலே மாத்திரம் வரட்டும். பிள்ளைகளின் படங்களை முகநூலில் இடுமுன் பெற்றோரின் சம்மதம் பெறுக. ஒரு பிள்ளைக்கு மாத்திரம் இரகசியமாகப் பரிசு கொடுப்பதையும் நிறுத்துவோம். சப்பாத்து வாங்கிக் கொடுக்க விரும்பும் நல்லவர் அதை மன்றத்தின் கையில் கொடுத்தால், மன்றம் தேவையுள்ள பிள்ளைக்குக் கொடுக்கும்.

நாவும் கையும்

இரண்டாவது, நாவடக்கம். பந்தைத் தவறவிட்ட பிள்ளையை நோக்கி எறியப்படும் சொற்கள் சில, மைதானத்தில் நிற்போரைச் சிரிக்கவைத்துப் பிள்ளையை ஆயுளுக்கும் அழவைப்பன. தகப்பன் இல்லாததை, தாயின் தொழிலை, நிறத்தை, உடற்பருமனை, சாதியை எடுத்துப் பேசுகின்ற நா ஒரு பயிற்றுநருடைய நாவாக இருத்தல் கூடாது. சாதி என்னும் சொல் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வரலாகாது. தவறைச் சொல்லுங்கள், தவறு செய்தவனை இழிக்க வேண்டாம். 'பந்து வருமுன் திரும்பிப் பார்' என்றால் பிள்ளை கற்றுக்கொள்வான். 'நீ ஒரு மாடு' என்றால் அவன் கற்பது ஒன்றுமில்லை. நாளைக்குத் தன்னிற் சிறியவனிடம் அதே சொல்லைச் சொல்லுவான்.

மூன்றாவது, கை. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியைச் சொல்லி நியாயம் பேசுவோர் இன்னும் உளர். பிள்ளை மாடன்று. கல்வி அமைச்சின் 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியுள்ளது. மாத்தறை மாவட்டப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கிலே, நமது உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. அம்மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டது எனக் கண்டு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடாகக் கொடுக்கக் கட்டளையிட்டது. ஓர் அறையிலே ஒரு பிள்ளை கேட்கும் புலனை இழக்கக்கூடும் என்பதை மைதானத்திலும் நாம் நினைவில் வைப்போம். தோல்வி அடைந்த அணியை வெயிலிலே முழந்தாளில் நிறுத்துவதும், தண்ணீர் கொடாது ஓடவிடுவதும் கையால் அடிப்பதற்குச் சமமே.

உடலின் காவல்

பிள்ளைக்கு வரும் தீங்கு மனிதரால் மாத்திரம் வருவதன்று. வன்னியின் வெயில் பொல்லாதது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே மூன்று மணிக்கு மைதானத்து மண் காலைச் சுடும். 2024 மார்ச்சிலே அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை விளையாட்டுப் போட்டியை ஒட்டிய நெடுந்தூர ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. ஆதலால் வெயில் தணிந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குவோம். கால்மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுப்போம். தண்ணீர் கேட்பது பலவீனத்தின் அடையாளமன்று. தலைசுற்று, வாந்தி, தடுமாற்றப் பேச்சு காணப்பட்டால் ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, 1990 என்னும் சுவசெரிய நோயாளர் வண்டி இலக்கத்தை அழைக்க வேண்டும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழக்கம் கேட்ட மாத்திரத்தே மைதானத்தை விட்டுக் கட்டடத்துள் செல்லுக; மரத்தடி அடைக்கலமாகாது. கடைசி முழக்கத்தின் பின் அரைமணி கழிந்தே திரும்புக. நிலத்தில் ஊன்றாது சாத்தி வைத்த கோல் கம்பத்திலே பிள்ளைகள் தொங்குவர். அது சரிந்தால் உயிர் போகும். தலையில் அடிபட்ட பிள்ளையை, எவ்வளவு கெஞ்சினாலும், அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறக்கலாகாது. பந்து பற்றைக்குள் போனால் வளர்ந்தவர் சென்று எடுக்கட்டும். இனங்காணாத இரும்புத் துண்டைக் கண்டால் தொடாது விலகி, பொலிசாருக்கு அறிவிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

ஆட்டம் முடிந்த பின் குளிக்கப் போகும் குளமும் வாய்க்காலும் மைதானத்தைவிட ஆபத்தானவை. இங்கே தாய்லாந்து நாட்டுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 2018 ஜூன் 23இல் 'காட்டுப்பன்றிகள்' என்னும் உதைபந்தாட்ட அணியின் 12 சிறுவரும் அவர்களுடைய உதவிப் பயிற்றுநரும் பயிற்சி முடிந்து தாம் லுவாங் குகைக்குள் சென்றனர். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 10ஆம் திகதியே கடைசியானவர் வெளியே வந்தார். மீட்கச் சென்ற சுழியோடி ஒருவர் உயிர் துறந்தார். முன்னர் பௌத்த மடத்தில் வாழ்ந்த அந்தப் பயிற்றுநர், இருளிலே சிறுவரைத் தியானத்தில் அமர்த்தி மனந்தளராது காத்தார் என்பது போற்றத்தக்கது. ஆயினும் அவர்களைத் தேடத் தொடங்க முடிந்தது எதனால்? எங்கே போயிருப்பார்கள் என்பதை வெளியிலிருந்த அணித் தோழன் ஒருவன் அறிந்திருந்ததாலும், குகைவாயிலிலே சைக்கிள்கள் கிடந்ததாலுமே. நம் பிள்ளைகள் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனாலும், பக்கத்து ஊர் மைதானத்துக்குப் போனாலும், எங்கே, யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவர் என்பதைப் பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டும். கடைசிப் பிள்ளையின் சைக்கிள் வீட்டுப் பக்கம் திரும்பிய பின்னரே பயிற்றுநரின் கடமை முடிகின்றது.

பிள்ளை வாய் திறக்கும்போது

இனிச் சொல்லப்போவதே இவ்வுரையில் மிக முக்கியமானது. ஒருநாள் ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, யாரோ தனக்குச் செய்ததைச் சொல்லக்கூடும். நேராகச் சொல்லமாட்டான். 'நான் இனி விளையாட வரேல்லை' என்பான். காரணம் கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். அப்போது உங்கள் முகம் எவ்வாறு இருக்கின்றது என்பதைப் பொறுத்தே அவன் மேலும் பேசுவதும் பேசாமல் போவதும் அமையும்.

பதறாது கேளுங்கள். 'நீ பொய் சொல்லுகிறாயா?' என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். 'தம்பி, நீ சொன்னது நல்லது. இதில் உன் பிழை ஒன்றும் இல்லை' என்று சொல்லுங்கள். 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் பண்ண வேண்டாம்; 'உனக்கு உதவக்கூடியவரிடம் சொல்லத்தான் வேண்டும்' என்று உண்மையைச் சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையன்று. கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே, திகதியும் நேரமும் இட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள்.

பின்னர் தாமதியாது அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டு 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கின்றார். பொலிஸ் நிலையத்திலே சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கின்றது. 18 வயதுக்கு உட்பட்டவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் சிறுவரே.

நம் ஊர்களிலே வேறொரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் கோயில் மடத்திலே கூடுவர். 'பிள்ளையின் எதிர்காலம்', 'குடும்பத்தின் மானம்', 'கழகத்தின் பெயர்' என்பர். குற்றஞ்சாட்டப்பட்டவர் மன்னிப்புக் கேட்பார்; அல்லது சிறிது பணம் கைமாறும். அடுத்த மாதம் அவர் வேறோர் ஊரின் மைதானத்திலே விசிலுடன் நிற்பார். இதனை நாம் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது: இது சமாதானமன்று, ஒரு பிள்ளையின் துன்பத்தை மற்றோர் ஊர்ப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடும் செயல். மானம் போவது குற்றம் செய்தவனுக்கே அன்றி, துன்பப்பட்ட பிள்ளைக்கு அன்று. இந்தச் சிறு மாற்றத்தை நம் மனத்திலே செய்துகொண்டால், அடைபட்ட வாய்கள் பல திறக்கும்.

பொய்க் குற்றச்சாட்டு வந்தால் என் செய்வது என்று பயிற்றுநர் கேட்பது நியாயமே. விசாரணை முடியும்வரை அவர் மைதானத்திலிருந்து ஒதுங்கியிருப்பது தண்டனையாகாது. அவர் பெயரைத் தெருவிலே இழுக்காதிருப்பதும் மன்றத்தின் கடமை. வெளிச்சத்திலே நடந்து பழகியவருக்கு அவ்வெளிச்சமே சாட்சி சொல்லும்.

மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக மன்றத்தாரிடம் சில வேண்டுதல்கள். இவ்வாண்டிலேயே பயிற்றுநருக்கான ஒழுங்குகளை ஒரு பக்கத்தில் அடங்க எழுதி, பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெறுங்கள். மூத்தவர், புகழ்பெற்றவர், மன்றத்துக்குப் பணம் தந்தவர் என எவருக்கும் விலக்கு வேண்டாம். புதிதாக வருபவரை, அவர் முன்பு பயிற்றுவித்த இடத்திலே விசாரித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முறைப்பாட்டைக் கேட்க ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமியுங்கள். அவ்விருவரும் பயிற்றுநராக இராதிருப்பது நன்று. 1929 என்னும் இலக்கத்தை மைதானத்துச் சுவரிலே பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதுங்கள். தவணைக்கு ஒருமுறை பெற்றோரைக் கூட்டி, வெற்றிக் கிண்ணங்களைப் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதைப் பற்றியும் பேசுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வாரத்தில் ஒருநாளாவது மைதானத்தின் ஓரத்திலே வந்து நில்லுங்கள். வீடு திரும்பும் பிள்ளையிடம் 'எத்தனை கோல் அடித்தாய்?' என்று கேட்பதற்கு முன், 'இன்றைக்கு விளையாட்டு எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். அவன் சொல்லும்வரை காத்திருங்கள்.

பயிற்றுநர்களே, இம்மன்றத்து அலுமாரியிலுள்ள கிண்ணங்கள் சில ஆண்டுகளில் கறுத்துப்போகும். உங்களிடம் பயின்றவன் முப்பது வயதிலே தன் மகனைக் கைப்பிடித்து இதே மைதானத்துக்கு அழைத்து வந்து, தயக்கமின்றி உங்கள் முன் நிறுத்துவானாயின், அதுவே நீங்கள் பெற்ற வெற்றி. அதற்கு வேண்டிய பொறுமையையும் தூய்மையையும் கிளிநொச்சிக் கந்தப்பெருமான் உங்கள் எல்லோருக்கும் அருள்வானாக எனப் பிரார்த்தித்து அமைகின்றோம்.